வெளிப்புறச் சமையலறைக்குப் பணம் புரட்டுவதும் பிரித்துக் கொடுப்பதும்

வீட்டுக்கு வெளியே, தோட்டத்திலோ மாடியிலோ பின்பக்கத்திலோ ஒரு சமையல் மேடை போடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். படங்கள் பார்த்தாகிவிட்டது, அடுப்பு எங்கே, சிங்க் எங்கே என்று மனதுக்குள் இடமும் ஒதுக்கியாகிவிட்டது. இனி பணம்தான் பாக்கி. முதல் தடவை இப்படி ஒரு வேலையில் இறங்குபவர்களுக்கு அடுப்பின் விலையும் கல்லின் விலையும்தான் கண்ணில் படும். ஆனால் கணக்கு தப்புவது அங்கே இல்லை, தரைக்கு அடியில் போகும் குழாயில், சுவரைக் குடைந்து வரும் மின்கம்பியில், நடுவில் "இதையும் சேர்த்துப் போட்டுவிடலாமே" என்று ஒட்டிக்கொள்ளும் சில்லறை வேலைகளில்.

நான் சொல்லப்போவது இரண்டே விஷயம், மீதியெல்லாம் அதன் விவரம். மண்ணுக்குள் போகிற வேலைக்கு முழுக் காசையும் முதலிலேயே ஒதுக்குங்கள், மேலே தெரிகிற வேலை மிச்சக் காசுக்கு ஏற்றபடி வரட்டும். அப்புறம், வேலை முன்னால் போகட்டும், பணம் அதன் பின்னால் போகட்டும்.

மூன்று பகுதியாகப் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் மறைந்துபோகிறவை: கான்கிரீட் தளம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி போகும் பைப், எரிவாயுவை நிரந்தரக் குழாயில் கொண்டுவருவதாக இருந்தால் அது, கூரை போடும் எண்ணம் இருந்தால் தூணுக்கான அடித்தளம். இரண்டாவதில் மேடை: செங்கல்லோ பிளாக்கோ, பூச்சு, மேலே போடும் கல், தரை ஓடு. மூன்றாவதில் வாங்கிவந்து பொருத்துகிறவை: அடுப்பு, கிரில், சிங்க், அலமாரிக் கதவு, விளக்கு, சின்ன குளிர்பெட்டி.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாவது பகுதியில் உள்ள எதையும் எந்த மாதத்திலும் வாங்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம், பழையதை விற்கவும் செய்யலாம். முதல் பகுதி அப்படி இல்லை. ஓடு ஒட்டிய பிறகு "ஒரு மின்பைப் விட்டுப்போச்சே" என்றால் உடைக்கிற கூலி, இடிபாட்டை அள்ளுகிற கூலி, திரும்ப ஒட்டுகிற கூலி, அதே நிறத்தில் ஓடு கிடைக்காத தலைவலி என்று நான்கும் சேர்ந்து வரும். அதனால் தொகை கைமீறுகிறது என்று தெரிந்தால் மூன்றாவது பகுதியில் கை வையுங்கள், முதல் பகுதியில் வைக்காதீர்கள்.

செலவைக் கூட்டிக் குறைக்கும் பெரிய விஷயம் தூரம். உள்ளே இருக்கும் சமையலறையின் அல்லது குளியலறையின் சுவருக்குப் பின்புறமே மேடை வந்தால் தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றும் சுவரைத் துளைத்தாலே வந்துவிடும். தோட்டத்தின் கோடியில் மரத்தடியில் வேண்டும் என்றால் அழகு கூடும், அதோடு ஒவ்வொரு அடிக்கும் பள்ளம் தோண்டுவது, குழாய், கம்பி, மூடுவது என்று காசும் கூடும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி செலவைத் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள் என்பது என் எண்ணம்.

சிங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சிங்க் என்றால் தண்ணீர் வருவதற்கு ஒரு குழாய், போவதற்கு ஒரு குழாய். வருகிற குழாய் சுலபம், அழுத்தத்தில் எப்படி வேண்டுமானாலும் வளைந்து வரும். போகிற குழாய்க்குச் சரிவு வேண்டும். சிறிய கழிவுநீர்க் குழாய்க்கு 50 அடிக்கு 1 அடி இறக்கம் என்பது பொதுவாக வைக்கிற அளவு. அப்படியானால் 30 அடி தள்ளி மேடை போட்டால் குழாய் 7 அங்குலத்துக்கு மேல் இறங்கிக்கொண்டே போக வேண்டும், அது போய்ச் சேரும் கழிவுநீர்த் தொட்டியின் வாய் அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையை உயர்த்தவோ பம்ப் வைக்கவோ நேரும், இரண்டும் செலவு. ஆகவே சிங்க்கின் இடத்தை முடிவு செய்வதற்கு முன் பிளம்பரைக் கூட்டிவந்து தொட்டியின் மூடியைத் திறந்து ஆழத்தை அளந்து பாருங்கள். மழைநீர் வடிகாலில் இணைத்துவிடலாம் என்று யாராவது சுலபவழி சொன்னால் கேட்காதீர்கள், பல இடங்களில் அது விதிமீறல், தவிர சமையல் எண்ணெய் போய் உறைந்து குழாயை அடைத்துவிடும். உள்ளே நல்ல சிங்க் நாலு எட்டில் இருக்கிறது என்றால் வெளியே சிங்க் தேவையா என்றே கேட்டுப் பாருங்கள். இதை விட்டுவிட்டால் மிச்சமாகிற தொகை வேறு எதிலும் ஆகாது.

அனுமதி விஷயத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். நிரந்தரக் கூரை, நிரந்தர எரிவாயு இணைப்பு, எல்லைச் சுவரை ஒட்டிய கட்டுமானம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் தொடங்க வேண்டாம். மாடியில் கட்டுவதானால் கட்டடப் பொறியாளர் ஒருவர் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,400 கிலோ, கல்லும் அதற்கு இளைத்ததல்ல. அனுமதிக் கட்டணம், பொறியாளர் கட்டணம் இரண்டையும் முதல் பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருந்தால் அந்த ஒப்பந்தத்தையும், காப்பீடு இருந்தால் அதையும் ஒருமுறை புரட்டுங்கள், கட்டடத்தில் மாற்றம் செய்தால் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கலாம்.

கையில் இருக்கும் பணத்தில் எது உண்மையில் உங்களுடையது

சேமிப்புக் கணக்கில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து "இவ்வளவு இருக்கிறதே" என்று கிளம்பாதீர்கள். அதில் 3 முதல் 6 மாத வீட்டுச் செலவைக் கழித்துவிடுங்கள், அது வேலை போனால், உடம்பு படுத்தால் எடுப்பதற்கு. இந்த வருடத்துக்குள் வரப்போகிற கல்விக் கட்டணம், காப்பீட்டுத் தவணை மாதிரி தெரிந்த செலவுகளையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் சமையலறைக்கு.

பட்டியலின் மொத்தத் தொகைக்கு மேல் 15 சதவீதம் சேர்த்துத்தான் திட்டத் தொகை என்று வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வீடு, தரைக்கடியில் என்ன ஓடுகிறதென்று யாருக்கும் தெரியாது என்றால் 20 சதவீதம். இந்தக் கூடுதல் தொகை நல்ல கிரில் வாங்குவதற்கு அல்ல. தோண்டும்போது பழைய குழாய் உடைவது, மண் தளர்வாக இருப்பது, மின்பெட்டியில் புதிய இணைப்புக்கு இடமில்லாமல் பெட்டியையே மாற்ற வேண்டிவருவது போன்றவற்றுக்கு. தளமும் குழாயும் முடியும்வரை இதைத் தொடவே கூடாது. அவை முடிந்த பிறகு இதில் மிச்சமிருந்தால் தாராளமாக அடுப்பில் போடுங்கள்.

தொகை போதவில்லை என்றால் கடனுக்கு ஓடுவதற்கு முன் ஒரு ஒத்திகை பாருங்கள். கடன் எடுத்தால் மாதம் எவ்வளவு கட்ட வேண்டிவருமோ, அதே தொகையை 6 மாதம் தனிக் கணக்கில் போடுங்கள். சம்பளம் வந்த அன்றே போய்விட வேண்டும், மாதக் கடைசியில் மிஞ்சினால் போடுகிறேன் என்பது ஒத்திகை ஆகாது. மூன்றாவது மாதமே மூச்சு முட்டினால் அந்தத் தவணை உங்களுக்குப் பெரியது என்று தெரிந்துவிடும், அதுவும் கடன் வாங்காமலேயே. முட்டாமல் போனால் 6 மாதத் தொகை கையில் சேர்ந்திருக்கும், கடன் அந்த அளவுக்குக் குறையும்.

கட்டம் கட்டமாகக் கட்டலாம்

முழுப் பணமும் சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்று இல்லை, முழுக் கடனையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்றும் இல்லை. முதல் கட்டத்தில் தளம், எல்லாக் குழாய்களும், கம்பி போகும் பைப்புகளும், மேடையும், கல்லும். இந்த நிலையிலேயே ஒரு சாதாரண அடுப்பை வைத்துச் சமைக்கலாம். இரண்டாவது கட்டத்தில் கிரில், அலமாரிக் கதவுகள், நல்ல விளக்கு. மூன்றாவதாகக் கூரை.

ஆனால் கட்டம் பிரிக்கும்போது ஒரு நிபந்தனை இருக்கிறது. பிறகு வரப்போகிற எல்லாவற்றுக்கும் வேண்டிய வழியை முதல் கட்டத்திலேயே விட்டாக வேண்டும். கூரை மூன்று வருடம் கழித்துத்தான் என்றாலும் தூணின் அடித்தளம் இப்போதே. குளிர்பெட்டி எப்போதோ வரும் என்றாலும் அதற்கான காலி பைப் இப்போதே தரைக்குள், இரு முனையையும் மூடி போட்டு அடைத்து. காலி பைப்பின் விலை மிகக் குறைவு, பிற்பாடு அதைப் போடுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிடவே முடியாது. அதேபோல மேடைக்குள் பொருத்தும் வகைக் கிரில் என்றால், வாங்குவது அடுத்த வருடமானாலும் எந்த மாடல் என்பதை இப்போதே முடிவு செய்து, நிறுவனம் தருகிற அளவுத் தாளைக் கொத்தனார் கையில் கொடுத்துவிடுங்கள். வாயின் அகலம் அரை அங்குலம் குறைந்தால்கூடக் கல்லை அறுக்க வேண்டிவரும்.

கொட்டேஷனைப் படிக்கத் தெரிய வேண்டும்

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள், மூவருக்கும் ஒரே வரைபடம், ஒரே பட்டியல். ஆளுக்கு ஒரு விதமாக வாயால் விளக்கினால் மூன்று வெவ்வேறு சமையலறைக்கு விலை வரும், ஒப்பிட வழியே இருக்காது.

வந்த தாளில் மொத்தத் தொகையை கடைசியில் பாருங்கள். முதலில் அளவு எந்தக் கணக்கில் போடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். கல் சதுர அடிக் கணக்கில் இருக்கும், ஆனால் கல்லின் விளிம்பை உருட்டி மெருகிடுவது நீள அடிக் கணக்கில் தனியாக வரும், சிங்க்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை அறுப்பது எண்ணிக்கைக் கணக்கில் இன்னொரு தனி வரி, சுவரில் ஏறும் கல் பட்டைக்கு வேறு. ஒருவர் இதையெல்லாம் சேர்த்துச் சதுர அடி விலை சொல்லியிருப்பார், இன்னொருவர் கல்லுக்கு மட்டும் சொல்லிவிட்டு மீதியைப் பிறகு கேட்பார். குறைந்த விலை சொன்னவர் கடைசியில் அதிகம் வாங்குவது இப்படித்தான். ஆகவே ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியவை: வண்டி வாடகையும் இறக்கு கூலியும் யாருடையது, வெட்டில் வீணாகிற கல் யார் கணக்கு, வரி உண்டா சேர்த்ததா, இடிபாட்டை அள்ளுவது யார், தண்ணீரும் மின்சாரமும் யார் கொடுப்பது, என்ன பிராண்ட், என்ன கனம். "நல்ல தரமான பொருள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் எதுவுமே எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

பொருளோடு சேர்த்து ஒப்பந்தமா, கூலி மட்டுமா என்பதும் இங்கேதான் முடிவாக வேண்டும். நீங்களே பொருள் வாங்கிக் கொடுத்தால் தரம் உங்கள் கையில், பில்லும் உங்கள் பெயரில். ஆனால் ஆட்கள் வந்து நிற்கும்போது மணல் வரவில்லை என்றால் அன்றைய கூலி உங்கள் தலையில். பகலில் வீட்டில் இருக்க முடியாதவர்களுக்குப் பொருளோடு சேர்த்து விடுவதே நல்லது என்று நினைக்கிறேன், பிராண்டையும் அளவையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு. கூலி மட்டும் என்றால், தள்ளுபடி கிடைக்கிறதே என்று சிமென்ட்டை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மூட்டை கிடக்கக் கிடக்க ஈரம் இழுத்துப் பலம் குறையும், 3 மாதத்தைத் தாண்டிய சிமென்ட்டை நம்பித் தளம் போட முடியாது.

எங்கே கை இறுக்கலாம், எங்கே கூடாது

இது திறந்தவெளி. வெயிலும் மழையும் தினமும் படும். உள்ளே 15 வருடம் வருகிற பொருள் வெளியே மூன்றே வருடத்தில் போகலாம், கடனில் வாங்கியிருந்தால் பொருள் போன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

பாதுகாப்புச் சாமான்களில் பேரமே வேண்டாம். வெளிப்புற மின் இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி, தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் ஐபி65 தரச் சுவிட்ச் பெட்டி, சரியான எர்த், இவை மூன்றும் பட்டியலில் முதலில். எல்பிஜி காற்றைவிடக் கனமான வாயு, கசிந்தால் கீழே தேங்கும், அதனால் சிலிண்டர் வைக்கும் அலமாரியின் அடியில் காற்றுத் திறப்பு இருந்தாக வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசு, அதற்கு மேலேயும் திறப்பு வேண்டும். எரிவாயு வேலையை உரிமம் பெற்றவரைத் தவிர யாரிடமும் கொடுக்காதீர்கள், எவ்வளவு மிச்சமானாலும்.

ஸ்டீல் வாங்கும்போது தரத்தின் எண்ணைக் கேளுங்கள். 304 என்பது வெளிப்புறத்துக்குப் போதுமானது, கடலோரம் என்றால் மாலிப்டினம் கலந்த 316 உப்புக் காற்றைத் தாங்கும். 430 வகையில் நிக்கல் பெரும்பாலும் கிடையாது, விலை குறைவு, வெளியே வைத்தால் துருப் புள்ளிகள் வர நாளாகாது. காந்தம் நன்றாக ஒட்டினால் 430 என்று கடைகளில் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக 304 என்று நம்பிவிடாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201 வகையிலும் காந்தம் ஒட்டாது, அது 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. பில்லில் தர எண்ணை எழுதித் தரச் சொன்னால் கடைக்காரரின் முகத்திலேயே விடை தெரிந்துவிடும்.

மேடைக்குக் கிரானைட் போதும், அதிலும் சாதாரண நிறமே போதும். செயற்கைக் குவார்ட்ஸ் பளபளப்பாக இருக்கும், ஆனால் அதில் உள்ள பிசின் வெயிலில் மஞ்சளிக்கும், பல நிறுவனங்கள் வெளியே போட்டால் உத்தரவாதமே தருவதில்லை. பளிங்கு புளிப்பு பட்டால் அரிக்கும். பிளைவுட் அலமாரி வெளியே வேண்டவே வேண்டாம். கதவு இல்லாமல் திறந்த அறைகளாகவே மேடைக்கு அடியில் விட்டுவிட்டால் பெரிய தொகை மிச்சம், காற்றோட்டமும் கிடைக்கும், பிறகு எப்போது வேண்டுமானாலும் கதவு போடலாம்.

கடன் வாங்குவதென்றால்

முதலில் ஒரு அளவுகோல்: கடனின் ஆயுள் பொருளின் ஆயுளைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தளத்துக்கும் மேடைக்கும் 5 வருடக் கடன் நியாயம். கிரிலுக்கும் குளிர்பெட்டிக்கும் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் தேவைப்பட்டால் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

வட்டியைக் கேட்கும்போது "எத்தனை சதவீதம்" என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். அது நிலையான அசலின் மேல் போடும் ஃபிளாட் வட்டியா, குறையும் அசலின் மேல் போடுவதா என்று கேட்க வேண்டும். 1,00,000 கடன், 3 வருடம், இரண்டு இடத்திலும் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாட் முறையில் வருடத்துக்கு 10,000 வீதம் 30,000 வட்டி, மாதத் தவணை 3,611. குறையும் அசல் முறையில் தவணை 3,227, மொத்த வட்டி சுமார் 16,160தான். நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் ஃபிளாட் முறை முதல் நாள் அசலுக்கே கடைசிவரை வட்டி போடுகிறது. அந்த 10 சதவீத ஃபிளாட்டை மற்ற முறைக்கு மாற்றினால் ஏறத்தாழ 18 சதவீதம் வருகிறது.

தவணை சின்னதாகத் தெரிய வேண்டும் என்று காலத்தை நீட்டுவார்கள். அதே 1,00,000, குறையும் அசலில் 12 சதவீதம் என்றால் 3 வருடத்துக்கு மாதம் 3,321, மொத்த வட்டி 19,570 அளவில். 5 வருடமாக்கினால் மாதம் 2,224 என்று இறங்கும், வட்டி 33,460ஐத் தாண்டும். மாதம் ஆயிரத்துச் சொச்சம் குறைந்ததற்குக் கொடுக்கும் விலை இது. தெரிந்து கொடுத்தால் சரி.

வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொல்வதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவுக்குத் தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். 1,00,000 விலையுள்ள பொருளை ரொக்கத்துக்கு 95,000க்குத் தருவார்கள், தவணைக்கு முழு விலை, 12 மாதம் என்றால், நீங்கள் 95,000 கடன் வாங்கி 1,00,000 கட்டுகிறீர்கள். அது வருடத்துக்கு 9.6 சதவீத வட்டிக்குச் சமம். செயலாக்கக் கட்டணம் இருந்தால் இன்னும் ஏறும். அதற்காக மோசம் என்றில்லை, தனிநபர் கடனைவிடக் குறைவாகவே இருக்கலாம், ஆனால் வட்டி இல்லை என்று நினைத்து வாங்கக் கூடாது.

எந்தக் கடன்? அடமானம் கொடுத்து வாங்குவதில் வட்டி குறைவு, கொடுக்காமல் வாங்குவதில் அதிகம், இது எங்கும் உள்ள நடைமுறை. உங்கள் பெயரில் நிரந்தர வைப்பு இருந்தால் அதன் மேல் கடன் வாங்குவது பெரும்பாலும் மலிவு, சீக்கிரமும் கிடைக்கும். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் அதன் மேலேயே கூடுதல் கடன் கேட்கலாம், வட்டி குறைவாக இருக்கும், ஆனால் மீதமுள்ள 15, 20 வருடத்துக்கும் அதை நீட்டிவிடுவார்கள், நீங்களாகவே குறுகிய காலம் கேட்டு வாங்க வேண்டும். அதோடு, கட்ட முடியாமல் போனால் வீடுதான் ஈடு என்பதையும் நினைவில் வையுங்கள், ஒரு சமையல் மேடைக்காக வீட்டைப் பணயம் வைக்க எனக்கு மனம் ஒப்பாது. கிரெடிட் கார்டில் மிச்சம் வைத்துக் கட்டுவது கடைசி வழிகூட இல்லை, மாதம் 3 சதவீதம் என்றால் கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் செயலாக்கக் கட்டணம், கட்டாயமாகச் சேர்க்கும் காப்பீடு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம், தவணை தவறினால் அபராதம் ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் தொகையைப் பிரித்து எடுக்கும் வசதி கேளுங்கள், வேலை நடக்காத மாதத்துக்கும் முழுத் தொகைக்கு வட்டி கட்டுவது வீண்.

பணத்தை எப்படிக் கொடுப்பது

ஒப்பந்தத்தில் தேதியைக் கட்டிப் பணம் கொடுப்பதாக எழுதாதீர்கள். முடிந்த வேலையைக் கட்டி எழுதுங்கள். தேதி வந்துவிடும், வேலை வராது. கீழே சொல்வது நான் நியாயம் என்று நினைக்கும் பிரிப்பு, உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முன்பணம் 10 சதவீதம். தளமும் குழாய்களும் பைப்புகளும் முடிந்து, மூடுவதற்கு முன் சோதித்துப் பார்த்த பிறகு 20. மேடைக் கட்டும் பூச்சும் முடிந்ததும் 25. கல் போட்டு, ஓடு ஒட்டி முடிந்ததும் 20. எல்லாம் பொருத்தி, விளக்கு எரிந்து, தண்ணீர் வந்து, எரிவாயுக் கசிவுச் சோதனையும் முடிந்ததும் 15. மிச்சம் 10 சதவீதம் ஒரு மாதம் கழித்து, முடிந்தால் ஒரு நல்ல மழையைப் பார்த்த பிறகு. இந்தக் கடைசி 10ஐ ஆரம்பத்திலேயே பேசி எழுத வேண்டும், வேலை முடிந்த அன்று சொன்னால் சண்டைதான் வரும். அளவெடுத்துச் செய்கிற ஸ்டீல் கதவு போன்றவற்றுக்குப் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பார்கள், வேறு யாருக்கும் விற்க முடியாத பொருள் என்பதால் அது நியாயம்தான். ஆனால் மேடை முடிந்த பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள், வரைபடத்தைப் பார்த்து அல்ல.

இரண்டாவது தவணைக்கு முன் நடக்கிற சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம், அன்று கட்டாயம் நீங்கள் இருங்கள். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் ஏற்றி ஒரு இரவு விட்டுக் காலையில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கழிவுநீர்க் குழாயின் ஒரு முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி மறுமுனையில் தங்குதடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். தளத்தின் மேலும் ஒரு வாளி ஊற்றுங்கள், தண்ணீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓட வேண்டும், எங்கும் குட்டையாக நிற்கக் கூடாது. சுவரை நோக்கி வந்தால் அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள், பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள். மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் பக்கத்தில் அளவு நாடாவை நீட்டி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கவோ மரம் நடவோ அந்தப் படம்தான் வழிகாட்டும்.

கான்கிரீட் தளத்துக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும், முழுப் பலம் என்று கணக்கிடுவது 28 நாளில். அவசரப்பட்டு மறுநாளே மேடை கட்டத் தொடங்கி அடுத்த தவணையைக் கேட்பவர்களிடம் பொறுமையாக இருங்கள். அந்த இடைவெளியில் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் இருக்கும், திரும்பி வரும் தேதியை ஒப்பந்தத்திலேயே குறித்துக்கொண்டால் போதும்.

நடுவில் மாற்றம் வந்தே தீரும். இங்கே ஒரு பிளக் கூடுதலாக, மேடை ஒரு அடி நீளமாக. ஒவ்வொன்றுக்கும் வேலை தொடங்குவதற்கு முன் விலை கேட்டு, செய்தியாகவாவது எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிவிடுங்கள். கடைசியில் மொத்தமாக "எக்ஸ்ட்ரா" என்று ஒரு தாள் வரும்போது எதை நீங்கள் கேட்டீர்கள், எதை அவராகச் செய்தார் என்று இரண்டு பேருக்குமே நினைவிருக்காது.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், எந்தக் கட்டத்துக்கு என்று குறிப்பும் எழுதுங்கள். ரொக்கம் கொடுத்தே ஆக வேண்டிய சில்லறைக் கூலிக்கு ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்பார்கள், பில் இல்லாத கிரில் பழுதானால் உத்தரவாதம் கேட்க எதைக் காட்டுவீர்கள்?

முடிந்த பிறகு

கடைசி 10 சதவீதத்தைக் கொடுக்கும் முன் ஒரு சுற்று வாருங்கள். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கிறதா, மழைக்குப் பிறகு சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் இருக்கிறதா, கல் இணைப்புகளில் விரிசல் உண்டா, எரிவாயு இணைப்பில் சோப்பு நுரை தடவினால் குமிழி வருகிறதா. எல்லாம் சரி என்றால் மீதியை இழுத்தடிக்காமல் அன்றே கொடுத்துவிடுங்கள், நாளைக்குச் சின்னப் பழுது என்றால் கூப்பிட்டவுடன் வருவார்கள். பில்கள், உத்தரவாத அட்டைகள், வரைபடம், குழாய்ப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள்.

கடன் வாங்கியிருந்தால் கைக்கு வரும் கூடுதல் பணத்தை முதல் வருடங்களிலேயே அசலில் கட்டுங்கள், அப்போதுதான் வட்டி அதிகம் குறையும், தவணைத் தொகையைக் குறைப்பதைவிடக் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கடைசித் தவணை போன பிறகு நிலுவை இல்லை என்ற கடிதத்தையும், கொடுத்துவைத்த மூல ஆவணங்களையும், தேதி போடாமல் காசோலை எதுவும் கொடுத்திருந்தால் அதையும் திரும்ப வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்து உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்து, இந்தக் கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தக் கடிதத்தின் நகலோடு எழுதிக் கேளுங்கள்.